பேக்கப் எடுக்கும் கணவர்

மாலை ஆறு மணிக்குப் பென்டிரைவை இரண்டு முறை ஊதிவிட்டுக் கணினியில் செருகுகிறார். திரையில் ‘அளவுகள்’ என்றிருக்கும் மஞ்சள் படத்தை நகலெடுத்து அதில் போடுகிறார். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. “பார்த்தியா வேகத்தை!” என்று மனைவியிடம் பெருமையடித்துவிட்டு, பென்டிரைவைப் பஞ்சில் சுற்றி, சின்ன டப்பாவில் அடைத்து, மேலே தேதி எழுதுகிறார்.

இப்படி ஒன்பது டப்பாக்கள். தீப்பிடித்தால் ஒன்று, வெள்ளம் வந்தால் ஒன்று, இரண்டும் பேசிவைத்துக்கொண்டு வந்தால் ஒன்று, மாமியார் வீட்டு பீரோவில் ஒன்று.

குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். அங்கே யாருடைய கணினி மக்கர் செய்தாலும் இவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். “பேக்கப்னா என்ன? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கணும். அவ்வளவுதான் சார் வாழ்க்கை.” வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற மனிதர், பென்டிரைவை மட்டும் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. “தொட்டுத் தொட்டுப் பார்த்தா கெட்டுப்போயிடும்.”

மனைவி முன்னறையில் தையற்கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களின் அளவுகள் பன்னிரண்டு வருஷமாக நோட்டில் இருந்தன. மூன்று வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, “இனிமே எதுக்கு இந்தக் குப்பை?” என்று நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிட்டவரும் இவர்தான்.

போன திங்கட்கிழமை கணினி உயிரை விட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ்கள் நாற்பத்திரண்டு பேருக்கு வெள்ளிக்கிழமைக்குள் சீருடை தைத்தாக வேண்டும். தவறினால் அந்த வேலை அடுத்த தெருக் கடைக்குப் போய்விடும். துணி வந்து குவிந்திருந்தது. மனைவிக்குக் கை ஓடவில்லை. இவர் முகத்திலோ கல்யாணக் களை.

“பதறாதே. இதுக்குத்தானே நான் இருக்கேன்!”

கணினி பழுது பார்க்கும் மைத்துனன் தன் லேப்டாப்போடு வந்தான். முதல் பென்டிரைவைச் செருகினான். இரண்டாவது. ஒன்பதாவது வரை போய்த் தலையைச் சொறிந்தான்.

“மச்சான், இதுல அளவே இல்லையே. வெறும் ஷார்ட்கட். ஃபைல் எங்கே இருக்குன்னு வழி காட்டுற பலகை மாதிரி. ஃபைல் அந்தச் செத்துப்போன கம்ப்யூட்டருக்குள்ள. நீங்க மூணு வருஷமா பலகையை மட்டும் கழட்டிக் கழட்டிப் பத்திரப்படுத்தியிருக்கீங்க.”

“ஒன்பதுலயுமா?”

“ஒண்ணுகூடத் தப்பலை.”

“ஃபைலை எடுக்க முடியாதாடா?”

“டிஸ்க் கருகிப்போச்சு மச்சான்.”

மனைவி டப்பாக்களை ஒருமுறை பார்த்தார். “பஞ்சை மட்டும் குடுங்க. தோள்பட்டைக்கு வெக்க ஆகும்.”

பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். “கிளம்புங்க. நான் அளக்கறேன், நீங்க எழுதுங்க.”

நர்ஸ்களின் ஓய்வறையில் வரிசை நின்றது. “போன வருஷம்தானே அளவு எடுத்தீங்க?” என்றார் தலைமை நர்ஸ். “ஒருதடவை சரிபார்த்துக்கலாம்னுதான்” என்றார் இவர், தரையைப் பார்த்து.

“தோள் பதினாலரை” என்று மனைவி குரல் கொடுத்தார்.

இவர் வழியில் வாங்கிய புது நோட்டைத் திறந்து, இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாளைச் செருகி, அழுத்தி எழுதினார். மனைவி அடுத்த அளவைச் சொல்ல வாயெடுப்பதற்குள், “இரு, இரு” என்று கையைக் காட்டினார். மேல்தாளையும் கார்பனையும் தூக்கிவிட்டு, அடித்தாளில் எழுத்து விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.