லடாக் லாத்தாவின் சும்மா நாட்கள்

செய்தி வந்தபோது நான் கடையில் ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறையில் லடாக் போக வேண்டும், ஐந்தே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று அவர் கேட்க, முடியவே முடியாது என்று நான் சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்காமல் இருந்தோம். அப்போது கைப்பேசி அடித்தது. சபியா லாத்தாவின் மகன் ஃபைசல். "ஆன்ட்டி, உம்மா போயிட்டாங்க. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு உட்கார்ந்தாங்க. அப்புறம் எழுந்திரிக்கவே இல்லை" என்றான். என் முகத்தைப் பார்த்த வாடிக்கையாளர், "நான் அப்புறம் வரேன்லா" என்று மெதுவாக எழுந்து போனார். அதன்பிறகு அவர் வந்தாரா என்று எனக்கு நினைவில்லை.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எங்கள் சின்னப் பயண ஏற்பாட்டுக் கடையைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சபியாவைத் தெரியும். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். என் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. இருந்தாலும் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கும் அவர் லாத்தாதான். போகப் போக ஊரே அவருக்கு லடாக் லாத்தா என்று பெயர் வைத்துவிட்டது. மற்றவர்கள் பாலி, பேங்காக் என்று விற்றுக்கொண்டிருந்த காலத்தில், மொட்டை மலைகளும் புத்த மடாலயங்களும் குறைவான காற்றும் உள்ள ஓர் இடத்துக்குச் சிங்கப்பூர்த் தமிழர்களை வேன் வேனாக அனுப்பியவர் அவர். அவர் பேச்சைக் கேட்டுப் போய்வந்தவர்களுக்கும், அவரோடு முறைத்துக்கொண்டு போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாவது வகையினர் கொஞ்சம் அதிகம்.

அவர் போட்டுத் தரும் பயணத்திட்டத்தைப் படிப்பவர்கள் தொடக்கத்திலேயே முகம் சுளிப்பார்கள். முதல் நாள், லே நகரம் வந்து சேர்ந்ததும் சும்மா இருத்தல். இரண்டாம் நாள், சும்மா இருத்தல். மூன்றாம் நாளில்தான் பயணம் தொடங்கும். "ஓய்வு" என்று எழுதலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "ஓய்வுன்னு போட்டா ஷாப்பிங் போயிடுவாங்க மீனா. சும்மான்னாதான் நம்மாளுக்குப் புரியும்" என்றார். தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா அந்தத் தாளைத் தட்டிக் காட்டி, "சும்மா இருக்கிறதுக்கா பிளேன் ஏறிப் போறது? அதை என் வீட்டுலயே செய்வேனே!" என்று கேட்டார். லாத்தா நிமிர்ந்து பார்த்து, "செய்வீங்களா? கடைசியா எப்போ செஞ்சீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். அந்த அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு முன்பணம் கட்டினார்.

அந்தப் பிடிவாதம் பட்டுத் தெரிந்துகொண்டதில் வந்தது. முதன்முதலாக லே போனபோது, இறங்கிய அன்றே மடாலயப் படிகள், பழைய அரண்மனை, சந்தை என்று அவரும் ஓடியிருக்கிறார். கட்டணம் கட்டியாகிவிட்டது, ஒன்றையும் விட்டுவிடக்கூடாது என்ற நம் ஊர் வேகம்தான். "லே-யில நான் நல்லாப் பார்த்த முதல் இடம் ஆஸ்பத்திரி சீலிங்" என்று அதைச் சொல்லிச் சிரிப்பார். அவ்வளவு உயரத்தில் குறைந்த காற்றுக்கு உடம்பு பழக நேரம் வேண்டும். பழகுமுன் இன்னும் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொண்டுபோய்விடும். கெட்டிக்காரன், பலசாலி என்று அது ஆள் பார்க்காது. இதைச் சொல்லும்போது மட்டும் லாத்தா சிரிக்க மாட்டார்.

கிளம்புமுன் ஒவ்வொரு குழுவையும் கடைக்கு வரவழைத்து உட்கார வைப்பார். மந்திரம் செதுக்கிய கற்சுவரை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், பிக்குகள் ஓதும்போது எங்கே உட்கார வேண்டும், உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை எப்படி முகம் கோணாமல் குடிப்பது, எல்லாம் சொல்வார். தலையில் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண், திருநீறு பூசியவர்களுக்குப் புத்த மடாலயத்தில் நடந்துகொள்ளும் முறையைச் சொல்லிக் கொடுப்பதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். "அடுத்தவங்க கும்பிடுற இடம். நம்ம வீட்டுக்கு வர்ற விருந்தாளி எப்படி இருக்கணும்னு நினைப்போமோ, அப்படி இருந்துட்டு வாங்க" என்பார். இந்த ஊரில் பிறந்ததற்காக நான் மார்தட்டிக்கொண்ட நேரங்கள் அவை.

இனி தங்கவேலு அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பலருக்குத் தெரியும். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாரத்தான் ஓடுபவர். ஒரு மடாலயத்தில் பிக்குகள் முகமூடி அணிந்து ஆடும் திருவிழா ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. நண்பர்களைச் சேர்த்தார். மாதக்கணக்கில் தான் குடியிருக்கும் பிளாக்கின் மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தார். லாத்தா திட்டம் போட்டார். உடன் போனது நான்.

டெல்லியிலிருந்து லே போக வேண்டிய விமானம் வானிலையால் ரத்தாகி ஒரு நாள் போய்விட்டது. மலைக்கணவாய்க்கு அப்பால் நடக்கும் அந்த ஆட்டம் இப்போது இரண்டாவது சும்மா நாளில் வந்து விழுந்தது. லாத்தா சிங்கப்பூரிலிருந்து ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்: போகக்கூடாது. ஆனால் மறுநாள் விடியும்போது விடுதி வாசலில் வேன் நின்றது! நடந்தது இதுதான். ஓட்டுநர் ஸ்தான்சின் முதல் நாள் மாலை லாத்தாவைக் கூப்பிட்டு, நாளைக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். "டுமாரோ ரெஸ்ட், ஓகே லா" என்றிருக்கிறார் லாத்தா. நம் ஊரில் 'லா' பேச்சின் வாலில் சும்மா ஒட்டிக்கொள்வது; லடாக்கில் 'லா' என்றால் மலைக்கணவாய். கொஞ்சம் ஓய்வு, பிறகு கணவாய்க்குப் போகச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அந்த நல்ல மனிதர் இருட்டோடு எழுந்து வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

லாத்தா மனம் இரங்கிவிட்டார் என்று எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், முறுக்கு டின் உட்பட. நான் பதறிப்போய் லாத்தாவை அழைத்தேன். அவர் சுவா சூ காங்கிலிருந்து வேலைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தார். அடுத்த நிலையத்தில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"லாத்தா, யாருக்கும் தலைவலிகூட இல்லை. இதைப் பார்க்கத்தான் வந்தோம். இன்னொரு தடவை என்னால வர முடியுமான்னு தெரியாது" என்றார் தங்கவேலு அண்ணன்.

"தெரியும்ண்ணே. என்மேல கோபப்படுங்க. சிங்கப்பூர் வந்து கடை வாசல்ல நின்னு கத்துங்க, நான் டீ வாங்கித் தரேன். இப்ப வண்டியை விட்டு இறங்குங்க."

அடுத்து ஸ்தான்சினிடம், "நோ லா" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன லாக்களில் அந்த ஒன்றுக்குத்தான் இரண்டு ஊரிலும் பொருள் சரியாக இருந்தது. பிறகு வேனில் இருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாகத் தங்கவேலு அண்ணன் இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தினார்.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சிக்கலே. ஆப்ரிகாட் மரத்தடியில் உட்கார்ந்து சீட்டாடினார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். ஒரே ஒருவருக்காவது வாந்தி வந்திருந்தால் லாத்தாவின் மானம் பிழைத்திருக்கும் என்று நான்கூட நினைத்தேன். மாலையில் ஆட்டம் பார்த்துத் திரும்பிய வேறொரு குழு, கைப்பேசியில் படம் காட்டி வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது. மிச்சப் பயணம் குறையில்லாமல் நடந்தது. தங்கவேலு அண்ணன் மட்டும் என்னோடு பேசவில்லை. ஊர் திரும்பியதும் சொன்னபடியே கடைக்கு வந்து கத்தினார். லாத்தாவும் சொன்னபடியே டீ வாங்கித் தந்தார். அவர் குடித்துவிட்டுப் போனார். அதோடு அவரும் வரவில்லை, அவர் நண்பர்களும் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதோ லாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது மீனா. எனக்குத் தெரியாத இடத்துல நான் ஆளை விடுறது இல்லை" என்றார். நான் சரி என்றோ தப்பு என்றோ சொல்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை. அடுத்த குழுவுக்கு விமானம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அடக்கம் செய்யும் ஜனாஸா அன்று சுவா சூ காங்கில் அவருடைய பிளாக்குக் கீழே கூட்டம் நின்றது. லிஃப்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்றவர் தங்கவேலு அண்ணன். போய் அருகில் நின்றேன். "எனக்குக் கோபம் இன்னும் போகலை மீனா. முட்டி போயிடுச்சு, இனிமே அந்த ஆட்டத்தைப் பார்க்கப்போறதும் இல்லை" என்றார். பிறகு, "வந்து கத்துங்கன்னு சொன்னாங்கல்ல. இன்னும் கத்தவேண்டியது பாக்கி இருந்துச்சு" என்றார். பெரிய மனிதர், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

லாத்தா அனுப்பிவைத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். மகிழ்ச்சியாக வந்தவர்கள் உண்டு, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. வந்தார்கள். அதற்காக யாரும் அவருக்கு மாலை போடவில்லை, நடக்காமல் போன விபரீதத்துக்கு யார் மாலை போடுவார்கள்? நல்ல பெயர் கிடைக்காது என்று தெரிந்தும் நல்லதைச் செய்கிற அந்தத் திமிரை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் யாராவது என்மேல் கோபித்துக்கொண்டு கடையை விட்டுப் போனால், வாசலுக்கு வந்து நின்று பார்க்கிறேன். கோபித்துப் போனவர் மூச்சு வாங்காமல், விறுவிறுவென்று, தன் காலால் நடந்து தெருவைக் கடக்கிறார். எனக்குப் பெருமையாக இருக்கிறது.