வேண்டாம் என்று எழுதிவிட்டு ஏறிய படகு

என் அக்காவின் கணவர் போலீஸில் சார்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்ததையே சட்டப் படிப்பு என்று நம்புகிறவர். போன ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை தாராளமாகப் பெய்து சோழபுரம் பக்கத்துக் கண்மாய் ஒன்று நிறைந்ததும், அதில் மீன் பிடிக்கும் குத்தகையை ஏலத்தில் எடுத்தார். கண்மாயில் தண்ணீர் கிடக்கும்வரைதான் அந்தக் குத்தகைக்கு மதிப்பு. பங்குனி வெயில் பட்டால் முடிந்தது.

எங்கள் பக்கத்தில் கண்மாய் மீன் பிடிக்கிறவர்கள் லாரி டியூபில் மிதந்துகொண்டே வலை விரிப்பார்கள். அது தன் தகுதிக்குக் குறைவு என்று அத்தானுக்குப் பட்டிருக்கிறது. கடற்கரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பாதிப் பணம் கொடுத்து, பாக்கி பிறகு என்று பேசி, ஃபைபர் படகு சொல்லிவைத்தார். மார்கழி முதல் வாரம் லாரியில் வந்து இறங்கியது. டிரைவர் நீட்டிய தாளில், ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே, படகின் அடிப்பக்கத்தைக் குனிந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களைப் பணிக்காலம் முழுக்கத் திட்டித் தீர்த்தவர் அவர்.

“அத்தான், தண்ணியில இறக்கி ஒரு தடவ பாத்துருங்க” என்றேன்.

“மார்கழியில எவனாவது புதுசு தொடங்குவானா மாப்ள? புஸ்தகம் படிக்கியே, இது தெரியாதா? தை ஒண்ணு பொறக்கட்டும்.”

படகு கரையில், பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போர்த்திக்கொண்டு மாதம் முழுக்கக் கிடந்தது. பேனரில் யாரோ ஒரு கல்யாணப் பெண் மட்டும் வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள்.

தை முதல் நாள் காலையில் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் குலசாமி பெயரையும் அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் தன் பெயரையும் எழுதவைத்து, தண்ணீரில் இறக்கினார். கண்மாயின் நடுவை எட்டுவதற்கு முன்பே கணுக்கால்வரை தண்ணீர் ஏறிவிட்டது. இழுத்துப் போட்டுக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முழங்கை நீளத்துக்கு வெடிப்பு. அதை ஒட்டி ஃபைபர் அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது.

விற்றவருக்குப் போன் போட்டார். ஆள் அனுப்பி ஒட்டித் தருவதாக அந்த மனிதர் சொன்னதை இவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில், படகு வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும், பாக்கியைத் தர முடியாது என்று எழுதி அனுப்பினார். இந்த விவகாரத்தில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அதன் ஆயுள் இரண்டு நாள்.

கரிநாளன்று செட்டியார்பட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திறங்கினார்கள். படகைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாரே, அது ஓட்டை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வார்? வெடிப்பில் எம்-சீல் அப்பி, தண்ணீரை இறைத்து ஊற்ற ஒருவனைக் குண்டாவோடு பின்னால் உட்காரவைத்து, சம்பந்தியையும் சம்பந்தியம்மாவையும் ஏற்றி ஒரு சுற்று வந்தார். அக்கா கரையிலேயே நின்றுகொண்டாள்.

“நீயும் ஏறு” என்றார்.

“எனக்கு நீச்சல் தெரியாது. அவியளுக்குத் தெரியுமானு கேட்டியளா?”

சம்பந்திக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. படகின் முனையில் கூலிங்கிளாஸோடு நின்ற போட்டோவை அத்தான் ஸ்டேட்டஸில் போட்டார். விற்றவரின் நம்பரும் அந்தப் போனில்தான் இருந்தது. அதோடும் விடவில்லை. குண்டா ஆளை நிரந்தரமாக வைத்துக்கொண்டு தை முழுக்க அந்தப் படகிலேயே வலை போட்டார்.

மாசியில் விற்றவரின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பாக்கிப் பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் வழக்கு. உள்ளே அந்தப் போட்டோவும் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனேன். சீட்டிங் கேஸ் போட்டு அந்த ஆளை உள்ளே தள்ள வேண்டும் என்று உட்காருவதற்கு முன்பே தொடங்கினார். அந்த அம்மா நோட்டீஸைக் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“படகு வேண்டாம்னு எழுதிட்டீங்க. சரி. பொறவு எதுக்கு சார் ஏறினீங்க?”

“சம்பந்தி வந்திருந்தாரும்மா.”

“சட்டத்துல சம்பந்திக்குன்னு தனி விலக்கு கெடையாது சார். வேண்டாம்னு சொன்ன பொருள அவிய பொருளா நெனச்சு ஓரமா வச்சிருக்கணும். நீங்க பேரு எழுதி, ஆளு ஏத்தி, மீனும் பிடிச்சிருக்கீங்க. ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்.”

“ஓட்டப் படகும்மா அது.”

“ஓட்டைக்கு நஷ்டஈடு கேக்கலாம். படகத் திருப்பிக் குடுக்கிற பேச்சு இனி நிக்காது. நிக்காத பேச்ச நம்பிப் பாக்கிய நிறுத்தி வச்சீங்கன்னா, ஒப்பந்தத்த மீறுனது நீங்கதான்னு திருப்பிவிடுவாங்க. அது இருக்கட்டும், வந்து ஒரு மாசம் ஏன் சோதிக்கல?”

“மார்கழில்லா.”

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். “சோதிக்க நியாயமான கால அவகாசம் உண்டு சார். மார்கழிய அதுல கழிப்பாங்களானு நான் ஒரு தீர்ப்புலயும் படிக்கல. கரையில வெயில்ல கெடந்துதான் வெடிச்சுதுன்னு அவிய சொன்னா, உங்ககிட்ட என்ன பதில் இருக்கு?”

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று நான் கேட்டேன். பென்ஷன் வாங்குகிறவர் ஆள் வைத்துச் செய்கிற மீன் வியாபாரம். பிழைப்புக்காக வாங்கியது என்று சொல்வது கஷ்டம், வியாபார நோக்கம் என்று எதிர்த்தரப்பு முதல் நாளே கிளப்பும் என்றார் அந்த அம்மா. சமரசத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். விற்றவர் தன் செலவில் அடிப்பாகத்தைச் சரிசெய்து தருவது, பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுவது. அத்தான் அதை இரண்டு முறை படித்தார். எதிலும் கையெழுத்துப் போடுமுன் அவர் படித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

விற்றவர் உடனே சம்மதித்தார். வழக்கு அவருக்கும் வேண்டியதில்லை. பட்டறை ஆள் வந்து அடிப்பக்கத்தைச் சுரண்டி, புதிதாக ஃபைபர் ஒட்டி, காயவைத்து முடிப்பதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவு. ஆட்கள் நடந்தே வலை இழுத்தார்கள். ஒரு சொட்டுக்கூட ஒழுகாத படகு கரையில் இருந்தது.

சித்திரையில் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தோம். அருவிக்குப் போகும் வழியில், கூட வந்த சம்பந்தி, படகு வழக்கு என்று காதில் விழுந்ததே, அது என்னாயிற்று என்று விசாரித்தார்.

“பிள்ளகுட்டிக்காரன், போறான்னு விட்டுட்டேன்” என்றார் அத்தான்.

சம்பந்தி அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள்.