முளைக்காத தட்டு

போன வருடம் பிசானப் பருவத்து நெல் நடவுக்கு நாற்றுப் பாவியிருந்த சமயம். எனக்கு ஊர் சீவலப்பேரி. எங்கள் பக்கம் நடவுக்குப் பெண்களைத் திரட்டிக் கூட்டிக்கொண்டு போவது நான்தான்.

அதற்குச் சில மாதம் முன்னால் மகனுடைய பைக்கிலிருந்து நான் விழுந்து, வயிற்றுக்குள் அடிபட்டதில், மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அது இல்லாத உடம்பில் சில கிருமிகள் புகுந்தால் ஆளையே சாய்த்துவிடுமாம். அதற்குத் தடுப்பூசி போட்ட டாக்டர், வயசான உடம்பில் ஊசி வேலை செய்கிறதா என்று ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் வயலில் இறங்கலாமா என்று சொல்வேன் என்றுவிட்டார். மகனோ இனி நடவே வேண்டாம் என்றான். கூட நடுகிற ஒருத்தி வீட்டுக்கே வந்து, “மதினி, ஒங்க ரத்தத்துக்கு இனிமே சண்ட போடத் தெம்பு ஏது? காப்பியக் குடிச்சிட்டு டிவியப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு கேட்க மகனும் நானும் டவுன் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனோம். பரிசோதனைக்கூடத்தில் இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். ஊசி போட்டதும் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதாம். ஆனால் வந்தால் மட்டும் போதாது, அது கிருமியைக் கொல்ல உதவுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்தத்தையும் பின்னால் எடுத்ததையும் தனித்தனியே உயிருள்ள கிருமியோடு கலந்து, தட்டில் விட்டு வைத்திருந்தார்கள்.

மூடியைத் திறக்காமல் இரண்டு தட்டையும் காட்டினார். முன்னால் எடுத்ததில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், நல்ல நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக. பின்னால் எடுத்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில, மற்றபடி வெறும் தட்டு. இனி வயல் இல்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

“ஒண்ணுமே மொளைக்கலியேம்மா” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “ஆச்சி, மொளச்சதெல்லாம் கிருமி. இங்கன மொளைக்காம கெடக்கே, அதுதான் ஒங்க ரத்தம் செஞ்ச வேல.”

நான் மகனைத் திரும்பிப் பார்த்தேன். “லே, நல்லாப் பாத்துக்கோ” என்றேன். அவன் குனிந்து இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்று சொல்லி, டாக்டர் என்னை வயலில் இறங்க விட்டுவிட்டார். அந்த நடவுக்கு முதல் குலவை நான்தான் போட்டேன். டிவி பார்க்கச் சொன்னவளுக்குப் பக்கத்திலேயே நின்று, அவளுக்கு முன்னால் என் பங்கை நட்டு முடித்தேன்.

உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டார்கள்தான். ஆனாலும் இந்த வயதில் என் ரத்தம் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு செய்து காட்டியதே, அந்தப் பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.