துடைக்காமல் பூசுகிறவள்

தையல் ஆலையின் பிள்ளைகள் காப்பகத்தில் அவளை எல்லோரும் முழங்கை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொட்டித் தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்க்காமல் ஒரு பிள்ளையைக்கூட அவள் உள்ளே இறக்கியதில்லை. மேலாளர் அம்மா வாங்கிக் கொடுத்த தெர்மாமீட்டர் ஆணியில் சும்மா தொங்கியது.

"அது பொய் சொன்னா யாரைப் போய்க் கேக்கிறது?" என்பாள். மற்றபடி வாயைத் திறக்க மாட்டாள்.

பேச்சு வராமல் இல்லை, கூச்சம். பதினோரு வருஷம் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கண் மங்கியதும் காப்பகத்தில் போட்டார்கள். நூலையும் ஊசியையும் நம்பாமல் திரும்பத் திரும்பப் பார்த்தே பழகியவளுக்குப் பிள்ளைகளிடமும் அதே பார்வைதான். ஒரு பிள்ளை தும்மினால் நெற்றியைத் தொடுவாள். தும்மாமல் இருந்தாலும் தொடுவாள்.

மாதம் ஒருமுறை வரும் நர்ஸ், பிள்ளைகளின் தோல் வறளாமல் இருக்க ஒரு முறை சொல்லிக்கொடுத்தாள். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து நிமிஷக் குளியல், அழுக்குப் படும் இடத்துக்கு மட்டும் கொஞ்சம் சோப்பு. பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மேலே ஈரம் மினுங்கும்போதே வாசனை இல்லாத க்ரீமைப் பூசிவிட வேண்டும். முழங்கை அக்கா அதை உடனே நம்பிவிடவில்லை. ஒரு வாரம் தன் கால்களிலேயே சோதித்தாள். இடது காலைச் சுத்தமாகத் துடைத்துப் பூசினாள், வலது காலில் ஈரத்தோடு பூசினாள். எட்டாம் நாள் இரண்டு கால்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி வைத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையையும் அவள் முழுசாகத் துடைத்ததில்லை.

வம்பு அதில்தான் வந்தது.

காலர் தைக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி தன் மகனைக் காப்பகத்தில் விட்டாள். மூன்றரை வயது. ஓயாமல் பேசுவதால் சிட்டு என்று பெயர் விழுந்துவிட்டது. பனிக்காற்று வீசிய மாதம் அது. சிட்டுவின் முழங்கால் மடிப்பிலும் கை மடிப்பிலும் தோல் வெடித்துச் சாம்பல் பூத்திருந்தது. ஒருநாள் இடைவேளையில் எட்டிப் பார்த்த காலர்க்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். மகன் உடம்பில் ஈரம் மினுங்க, முழங்கை அக்கா க்ரீமை அள்ளி அப்பிக்கொண்டிருந்தாள்.

"துடைக்கக்கூட நேரமில்லையாக்கா உங்களுக்கு?"

முழங்கை அக்கா குனிந்தபடி அடுத்த முழங்கால் மடிப்பில் பூசினாள்.

"கேக்கிறேன்ல? மத்த பிள்ளைங்க கண்ணுல வெண்ணெய், என் பிள்ளை கண்ணுல சுண்ணாம்பா? அது என்ன டப்பா? மூடியில பேரு அழிஞ்சு போயிருக்கு?"

"க்ரீம்தான்."

"என்னத்தைக் கண்டேன்!"

அன்று மாலையே புகார் மேலாளர் அம்மாவிடம் போனது. அவர் நல்லவர்தான், ஆனால் புகார் என்றால் பயம். "இன்னிக்குத் திங்கள். சனிக்கிழமை நர்ஸ் வர்றாங்க. அதுக்குள்ள அந்தப் பையனுக்குச் சரியாகலன்னா, நீங்க துணி மடிக்கிற பக்கம் போயிடுங்க. என்னால பதில் சொல்ல முடியாது" என்றார்.

துணி மடிக்கும் அறையில் ஜன்னல் கிடையாது, பிள்ளைகளும் கிடையாது. முழங்கை அக்காவின் மடியில் கனமில்லைதான், ஆனால் அதை எடுத்துச் சொல்ல வாய் வேண்டுமே.

பேசாதவளுக்குக் கண்தானே துணை. அதில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். மாலையில் வெண்ணெய் மாதிரி போகிற சிட்டு, காலையில் உப்புத்தாள் மாதிரி வருகிறான். நடுவில் என்ன நடக்கிறது?

முதலில் சந்தேகம் டப்பா மேல் விழுந்தது. யாராவது மாற்றி வைத்துவிட்டார்களோ? மோந்து பார்த்தாள், விரலில் தேய்த்துப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. அடுத்து சமையல்காரம்மா. பாத்திரம் கழுவிய கையோடு பையனைத் தூக்குகிறாளோ?

"என்னடி, போலீஸ்காரி மாதிரி பின்னாலேயே வர்றே?" என்று சமையல்காரம்மா சிரித்தாள்.

"கை கழுவினியா?"

"உன் முழங்கையை விட்டுப் பாத்துக்கோ!"

மூன்றாவது சந்தேகத்தைச் சொல்லத்தான் அவளுக்கே பயம். புதன்கிழமை காலையில் சிட்டுவின் காது மடலுக்குப் பின்னால் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. ரோஜா வாசனை. காப்பகத்துச் சோப்புக்கு வாசனையே கிடையாது.

அன்று மதியம் சிட்டு தொட்டியில் ரப்பர் வாத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். வாத்தை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தான்.

"ஏன் சிட்டு அப்படித் தேய்க்கிறே? பாவம்ல?"

"அழுவக் கூடாது. இன்னொரு சோப்பு. அந்த அக்கா பூசினது எல்லாம் போவணும்."

"யாரு சொன்னா?"

"அம்மா. வீட்டுக்குப் போனதும் சுடுதண்ணி. புஸ்ஸுன்னு புகை வரும்."

முழங்கை அக்கா அப்படியே குந்திவிட்டாள். இவள் பூசி அனுப்ப, அவள் கொதிக்கக் கொதிக்க ஊற்றி இரண்டு சோப்புப் போட்டுக் கழுவ, பிள்ளையின் தோல் எப்படித் தாங்கும்? கோபம் வந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. தன் பிள்ளையை முகம் தெரியாத ஒருத்தி குளிப்பாட்டி, பெயர் அழிந்த டப்பாவிலிருந்து எதையோ பூசியிருந்தால், தானும் அதையேதான் செய்திருப்பாள்.

மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் அவளே போய்க் காலர்க்காரியின் மெஷின் முன்னால் நின்றாள். சுற்றிலும் நாற்பது பேர். காது சிவந்துவிட்டது.

"வாங்க."

"எதுக்கு?"

"வாங்களேன்."

காலர்க்காரி சண்டைக்குத் தயாராகத்தான் எழுந்து காப்பகத்துக்கு வந்தாள். முழங்கை அக்கா சிட்டுவைக் குளிப்பாட்டி, ஒற்றி எடுத்து, அப்படியே தாயின் மடியில் வைத்து டப்பாவை நீட்டினாள்.

"நீங்களே பூசுங்க."

"இன்னும் துடைக்கலையே?"

"துடைச்சா போயிடும்."

"என்ன போயிடும்?"

"தண்ணி. அது உள்ள நிக்கணும், அதுக்குத்தான் மேல க்ரீம். காய விடாம, சீக்கிரம்."

"முதல்ல உங்க கையில பூசிக் காட்டுங்க."

முழங்கை அக்கா பூசிக் காட்டினாள். காலர்க்காரி அந்தக் கையைப் பிடித்து மோந்தாள், தேய்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகுதான் மகனைத் தொட்டாள்.

"வீட்ல இன்னொரு தடவை குளிப்பாட்டாதீங்க" என்றாள் முழங்கை அக்கா, தரையைப் பார்த்தபடி.

"அதை யாரு உங்ககிட்டச் சொன்னது?"

"நான்தான்!" என்றான் சிட்டு.

காலர்க்காரியின் கை நின்றது. "நான் என்னக்கா பண்றது? நாள் பூரா பிள்ளையைக் கண்ணுல பாக்கிறதில்ல. யாரு தொட்டாங்க, எதைப் பூசினாங்கன்னு தெரியாம... கழுவி எடுத்தாத்தான் என் பிள்ளை மாதிரி இருக்கான்" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"சனிக்கிழமை வரைக்கும் இடைவேளையில நீங்களே வந்து பூசுங்க. ராத்திரி தண்ணி ஊத்தாதீங்க. அப்புறமும் சரியாகலன்னா நான் துணி மடிக்கப் போறேன்."

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. சமையல்காரம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை நர்ஸ் சிட்டுவின் கை கால்களை மடக்கி விரித்துப் பார்த்தாள். வெடிப்பு மூடத் தொடங்கியிருந்தது, சிவப்பும் தணிந்திருந்தது. "நல்லா ஆறிக்கிட்டு வருது. இப்படியே பூசிக்கிட்டு வாங்க" என்றாள்.

"என் கை பட்டதும்தான் கேட்டுச்சு" என்று காலர்க்காரி எல்லோரும் கேட்கச் சொன்னாள். மேலாளர் அம்மா முழங்கை அக்காவைப் பார்த்தார். முழங்கை அக்கா டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். யார் கை பட்டால் என்ன, பிள்ளை சொறியவில்லை, தொட்டியும் அவளிடமே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் காலர்க்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். "நேத்து லீவுல்லக்கா, நானே குளிப்பாட்டி, ஈரத்தோட உடனே பூசிட்டேன்!"

முழங்கை அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து சிட்டுவைக் கேட்டாள். "உடனேவா?"

சிட்டு யோசித்தான். "அத்தைகிட்ட ஃபோன் பேசிட்டு."

"வேவு பாக்க என் வீட்டுலயே ஆள் வச்சிருக்கீங்களா!" என்று காலர்க்காரி கத்தினாள்.

முழங்கை அக்கா சிரிக்கவில்லை. சிட்டுவின் சட்டையைத் தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தாள்.