சாக்கில் அள்ளிய கண்ணாடி

என் ஜெராக்ஸ் கடை இழுப்பறையில், குண்டூசி டப்பாவுக்கு அடியில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு கிடக்கிறது. ஒரு வண்டியின் முகப்பு விளக்கிலிருந்து உடைந்தது. பதினொரு வருடமாக வைத்திருக்கிறேன். தூக்கிப்போட மனசு வரவில்லை. எடுத்துக் காட்டத் துணிவு வரவில்லை.

அப்போது காவிரிக்கரை ஊர் ஒன்றில் நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். ஒருநாள் காலை ஏழு மணிக்குப் பால் வாங்கப் போனவன், பெரிய சத்தம் கேட்டு ஓடினேன். கொடிக்காலில் வெற்றிலைக் கொடி கட்டும் வேலைக்குப் போக, பரமத்தி வேலூர் பஸ்ஸை எதிர்பார்த்து மண் ஓரத்தில் நின்றிருந்த அக்காள் தங்கை இருவர் மீதும் போலீஸ் ஜீப் ஏறியிருந்தது. ராத்திரி முழுக்க ரோந்து சுற்றிய டிரைவர் கண் அசந்துவிட்டார். தங்கை புளியமரத்துக்கும் ஜீப்புக்கும் நடுவில் நசுங்கி, நின்றபடியே செத்திருந்தாள். கொடி கட்ட இடுப்பில் செருகியிருந்த கோரைப்புல் கட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அவர் கத்தவில்லை. நிற்கிற தங்கையைப் பார்த்து, "வா சாமி, ஊட்டுக்குப் போலாம் வா சாமி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பின்னால் எடுத்ததும் அந்த உடம்பு மடிந்து அவர் மேலேயே விழுந்தது.

அடுத்து வந்த போலீஸ்காரர்களில் ஒருவர் முதலில் செய்த காரியம், டீக்கடைத் துடைப்பத்தை வாங்கி, சிதறிக் கிடந்த கண்ணாடியைக் கூட்டிச் சாக்கில் அள்ளியது. அக்காவின் உடைந்த கால் குறுக்கே கிடந்தது. அதைத் துடைப்பத்தாலேயே நகர்த்தினார். அப்போதுதான் அந்த அம்மா அலறினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஜீப்பும் இல்லை, சாக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் செருப்பில் ஒரு துண்டு குத்திக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் விபத்துச் செய்திக்கு ஒரு முறை உண்டு. சாயந்திரம் ஆறு மணிக்கு நான்கு பத்திரிகை நிருபர்களும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவோம். வழக்கு எழுதும் ஏட்டு, எல்லோருக்கும் அவர் ரைட்டர், அன்றைய சங்கதிகளை வாசிப்பார். நாங்கள் எழுதிக்கொள்வோம். மறுநாள் நான்கு பத்திரிகையிலும் ஒரே வாக்கியம் வரும். அவர் வாசிக்காதது ஊரில் நடக்காதது. நல்ல மனுஷர்தான், தினமும் டீ வாங்கித் தருவார். அன்றும் தந்தார்.

"எழுதிக்குங்க தம்பி. அடையாளம் தெரியாத வண்டி. கவனமில்லாம ரோட்டத் தாண்டியிருக்கறாங்க. அக்காக்காரி தங்கச்சி கையப் புடிச்சு இழுத்துட்டு ஓடியிருக்கறா."

காலையில் நான் அங்கே நின்றது அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நான் எழுதினேன். யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை, மிரட்டவும் இல்லை. டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். நியாயம் கேட்கப் போன அக்காவின் வீட்டுக்காரர் முன்பல் இரண்டு இல்லாமல் ஸ்டேஷனிலிருந்து திரும்பினார். அதை ரைட்டர் வாசிக்கவில்லை, ஆகவே நானும் எழுதவில்லை.

ஆறு மாதம் கழித்து அக்கா கட்டைக்கால் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். செத்தவளின் மகளை அவர்தான் வளர்த்தார். எட்டு வயதுப் பிள்ளை பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டதாம்.

"நாந்தான் அவங்கம்மாள இழுத்துட்டுப் போயிக் கொன்னேன்னு புள்ள சொல்றாளுங்க. எம்மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறா. நாங்க ரோட்டத் தாண்டவே இல்லீங்க. நீங்கதான் பாத்தீங்கல்ல? ஒரே ஒரு வரி போடுங்க சாமி."

"பாக்கறேங்கக்கா" என்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய சொல் அது. அடுத்த மாதம் நிருபர் வேலையை விட்டேனே தவிர அந்த ஒரு வரியை எழுதவில்லை.

போன வாரம் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கடைக்கு வந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய பேப்பர் துண்டு ஒன்றை லேமினேஷன் பண்ணக் கொடுத்தாள். நான் எழுதிய வாக்கியம். மெஷினைச் சூடேற்றினேன். அதை இத்தனை வருடம் வைத்திருப்பவள் செத்தவளின் மகளாகத்தான் இருக்க முடியும். பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவங்ககூடப் பேச்சு இல்லீங்க. நான் ஆஸ்டல்ல இருக்கறேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், புளியமரம், துடைப்பம், டீ, எல்லாம். அதை எழுதியவன் நான்தான் என்றும் சொன்னேன். அவள் கண்ணாடியைத் தொடவில்லை. மெஷினிலிருந்து வெளியே வந்த அட்டையை எடுத்து, சூடு ஆற இரண்டு தரம் வீசினாள்.

"பெரியம்மா இப்படிச் சொல்லச் சொன்னாங்களுங்களா?" என்றாள். "நாலு பேப்பர்லயும் ஒரே மாதிரிதானுங்க வந்துச்சு. நாலும் பொய்யாப் போட்டிருப்பாங்களா?"

முப்பது ரூபாயைக் கண்ணாடித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.