வராந்தாவில் ஒரு நடவு

இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சம்தான். உத்திரமேரூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுப்பவள் நான். பக்கத்திலுள்ள பெருநகர் கிராமத்திலிருந்து வந்த முனியம்மா நடவு வேலை செய்பவர். அவருக்கு இதயம் அவ்வப்போது தாறுமாறாகத் துடிக்கும். படுக்கவைத்துப் பார்த்தபோது இதயத்தின் இடது மேல் அறை திரையில் சோர்ந்து கிடந்தது. உடம்புக்கு வேலை கொடுத்தால் அது எப்படி இயங்குகிறது என்று பார்க்கச் சொன்னார் டாக்டர்.

அவரைப் புதிதாக வந்திருந்த பரிசோதனை சைக்கிளில் ஏற்றினேன். பெடல் சுற்றத் தெரியாமல் கால் நழுவிக்கொண்டே இருந்தது. ‘நோயாளியால் இயலாது’ என்று எழுதிவிட்டேன்.

“இன்னா மா எழுதற? சைக்கிள்தான் எனக்கு வராது. நாத்து நட்டுக் காட்டட்டா?”

டாக்டர் சம்மதித்துப் பக்கத்திலேயே நின்றார். முனியம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். குனிந்த தலை நிமிராமல், பின்பக்கமாகவே நகர்ந்து, வராந்தாவின் நீளத்துக்கும் இல்லாத நாற்றை நட்டுக்கொண்டே போனார். நாலு நடை. மூச்சு வாங்கியதும் சட்டென்று படுக்கவைத்துக் கருவியை மார்பில் வைத்தேன்.

சோர்ந்து கிடந்த அதே அறை, ரத்தத்தை வாங்கி நன்றாக விரிந்து, முழுசாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

“உள்ள எல்லாம் நல்லாகீதா மா?”

‘இயலாது’ என்று எழுதியதைக் கோடு போட்டு அடித்தேன். ஏழு வருடமாக நான் பார்த்ததெல்லாம் படுத்திருந்த இதயங்கள்தான்.