முருகேசனின் பெயரை நான்தான் அடித்தேன்

தொண்ணூறுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் கபடி அணிக்கு நான் மேலாளர். முருகேசன் பத்து ஆண்டுகளில் ஏழு அணிகளுக்கு ஆடியவன். எங்கும் வேலை நிரந்தரமாகவில்லை. "கப்பு வரட்டும், உன் பேரை நானே எழுதுறேன்" என்றிருந்தேன்.

இறுதி ஆட்டம் சமநிலையில் இருந்தது. கடைசி ரைடில் பாடி வந்த எதிரணிக்காரனின் விரல் முருகேசன் காலில் பட்டதை நடுவர் கவனிக்கவில்லை. முருகேசனே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

"உன்னை யாருடா கேட்டா?"

"பட்டுடுச்சு சார்."

கப்பு வருமென்று நம்பி, நிரந்தர வேலைக்கான பட்டியலில் முன்பே எழுதி வைத்திருந்த அவன் பெயரை ஆத்திரத்தில் அடித்தேன். மேலிடத்து முடிவு என்று அவனிடம் பொய் சொன்னேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். முட்டியில் கட்டு, வேறோர் அணியின் பனியன். கூட இருந்தவர்களிடம், "எனக்கு வேலை வாங்கித்தர சார் ரொம்ப அலைஞ்சாருடா" என்றான்.

பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பெயரை அடித்தது கோபத்தில். அந்த மௌனத்துக்கு இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.